செட்டில் இல்லாத வியாழக்கிழமை

செல்வராஜ் அண்ணாச்சி எச்சில் தொட்டுத்தான் தாள் புரட்டுவார். எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்கிற ஆள் இல்லை. அந்தச் சித்திரை மாதத்து மதியம் அவர் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, ஆபீஸ் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார். வைகாசி போனது. ஆனி போனது. ஆடி போனது. ஆவணியில் வந்து விரல் நின்றது.

மறுபடி எச்சில், மறுபடி புரட்டல். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஜீனத்தும்மா, கொஞ்சம் இங்கன வாங்க."

கம்ப்யூட்டரை விட்டு எழுந்து போனேன். அப்போதுதான் அவர் மகள் சுபாவுக்கு விருதுநகரில் கல்யாணத் தேதி குறித்துவிட்டு வந்திருந்தார். நெற்றிச் சந்தனம் இன்னும் காயவில்லை. மேஜையில் ஸ்வீட் பெட்டி திறந்தே கிடந்தது. எங்களுக்கு முன்னால் எறும்புகள் வந்துவிட்டன. ஆவணியில் ஒரு வியாழக்கிழமை முகூர்த்தம். அந்தத் தாளைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள அவருக்கு ஆசை.

"புதனுக்கு அடுத்து என்ன கிழமை?" என்றார்.

"வியாழன், அண்ணாச்சி."

"இதுல வெள்ளில்லா இருக்கு."

இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நகத்தால் பிரித்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. புதன்கிழமைக்குப் பின்னால் வெள்ளிக்கிழமை கூச்சநாச்சமில்லாமல் உட்கார்ந்திருந்தது. காலண்டர் அச்சடித்தே கஞ்சி குடிக்கிற சிவகாசிக் கம்பெனி எங்களுடையது. எங்கள் கையால் செய்த காலண்டரில் முதலாளி மகளின் கல்யாண நாளைக் காணோம்.

அது மட்டும் என்றால் ஒரு டீ குடித்துவிட்டு மறந்திருக்கலாம். காலண்டர் அட்டையின் கீழே கொட்டை எழுத்தில் இருந்த பெயரைப் பார்த்துத்தான் அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். விருதுநகர் ரத்தினசாமி வத்தல் மண்டி. மாப்பிள்ளையின் அப்பா கடை. மார்கழியில் அவர் ஆர்டர் கொடுத்து, நாங்கள் அடித்து அனுப்பி, தை பிறக்கும் முன்னே அவர் ஊர் முழுக்க வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து முடித்துவிட்ட காலண்டர். சம்பந்தம் பேச ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

"செட் போட்டது யாரு?" என்றார் அண்ணாச்சி.

எந்த செட்?

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. போன வாரம் இந்தத் தொடரில் நான் ஒரே பத்தியில் ஐந்து இடத்தில் 'செட்' என்று எழுதிவிட்டேனாம். உதவி ஆசிரியர் போன் செய்து, நல்ல தமிழ்ச் சொல்லாகப் போடக் கூடாதா அக்கா என்று வருத்தப்பட்டார். போடலாம் தம்பி, தாராளமாகப் போடலாம். எந்த செட்டுக்கு எந்தச் சொல் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் செட்டில் பிறந்தவள். விருதுநகரில் என் அத்தாவுக்கு மைக் செட் வாடகைக் கடை. கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அத்தாவின் குழாய் ஸ்பீக்கர்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சரே என்னைச் 'செட்டுக்காரர் மகள்' என்றுதான் கூப்பிடுவார். ஜீனத் என்ற பெயர் வருகைப் பதிவேட்டில் சும்மா இருந்தது.

வீட்டில் எதுவுமே ஒற்றையாக வராது. டீ கிளாஸ் வாங்கினால் செட். பெருநாளைக்கு உடுப்பு எடுத்தால் எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே செட், ஒரே பூப்போட்ட துணி, பார்ப்பதற்கு ஒரே ஜன்னலின் இரண்டு திரை மாதிரி இருப்போம். அத்தாவுக்கு ஓட்டலில் செட் தோசை. சித்தப்பாவுக்குத் தோட்டத்தில் பம்ப் செட். சித்தப்பாவுக்கு வேறொரு செட்டப்பும் இருந்தது. அதைப் பற்றிப் பேசினால் அம்மா கரண்டியை எடுத்துவிடுவார்.

பெரியவளானதும் அதே சொல் வேறு வேலை பார்க்க ஆரம்பித்தது. வரன் வந்தால், "செட் ஆகுமா?" வந்த வரன் போனால், "செட் ஆகல." ஆறாவதாக வந்தவர் செட் ஆனார். அவரோடுதான் இத்தனை வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். தலைமுடி செட் ஆகவில்லை, புது ஊர்த் தண்ணீர் செட் ஆகவில்லை, மருமகளுக்கு மாமியார் செட் ஆகவில்லை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குடும்பமே நடத்தலாம்.

சிவகாசிக்கு வேலைக்கு வந்தேன். டைப் செட்டிங். தினசரிக் காலண்டர் தாளில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் இருக்குமே, 'வரவு', 'அலைச்சல்', 'பகை' என்று, அதை அடித்துக் கொடுப்பது நான்தான். ஜோசியர் எழுதி அனுப்புகிற சொல் சில நாள் நீளமாக இருக்கும், கட்டத்துக்குள் அடங்காது. 'எதிர்பாராத தனலாபம்' என்று எழுதியிருப்பார். அவ்வளவு லாபத்துக்கு எங்கள் தாளில் இடம் ஏது? 'லாபம்' என்று சுருக்கிவிடுவோம். எதிர்பார்த்தீர்களா இல்லையா என்பது உங்கள் பாடு.

கம்பெனிக்குள் செட் என்றால் முதலில் மெஷின் செட்டிங். நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராவிட்டால் முருகனுக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். அடுத்தது நான் சொல்ல வந்த விஷயம், 'செட் போடுவது'. வெட்டி வந்த தேதித் தாள்களை நாள் வரிசையில் நீள மேஜைகளில் அடுக்கியிருப்பார்கள். பெண்கள் மேஜையைச் சுற்றி நடந்துகொண்டே ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒவ்வொரு தாளாக எடுத்துக் கையில் சேர்ப்பார்கள். இப்படிப் பகுதி பகுதியாகச் சேர்த்ததை ஒன்றாக வைத்தால் ஒரு வருஷம். அதுதான் ஒரு செட். அதை அட்டையில் வைத்துத் தைத்தால் காலண்டர்.

ஒரு வருஷத்தைக் கையால் பொறுக்கிச் சேர்க்கிறவர்கள் அவர்கள். அதில் ஒரு வியாழக்கிழமை தவறிவிட்டது.

பல் செட்டும் பஞ்சரான டயரும்

ரத்தினசாமி அண்ணாச்சியைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரத்தில் அவருக்கு இரண்டு விஷயங்களில் பெயர். ஒன்று பல் செட். விலை பேசும்போது மட்டும் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுவார். அதன்பிறகு அவர் சொல்கிற விலை எதிராளிக்குப் புரியாது. புரியாமலே தலையாட்டிவிட்டு, சரக்கு லாரியில் ஏறிய பிறகு தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

இன்னொன்று சகுனம். மகனுக்கு ராஜபாளையத்தில் ஒரு பெண் பார்க்கப் போனார்கள். வழியில் கார் டயர் பஞ்சர். அந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றுவிட்டார். சாத்தூரில் ஒரு பெண் காபித் தட்டோடு வரும்போது கரண்ட் போனது. அதுவும் வேண்டாம். அருப்புக்கோட்டைப் பெண்ணுக்கு என்ன குறை என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. பல்லி என்றார்கள்.

இப்படிப்பட்டவர், தன் கடை பெயர் போட்டுத் தானே ஊருக்குக் கொடுத்த காலண்டரில் தன் மகன் கல்யாண நாளே இல்லை என்று பார்த்தால்? பஞ்சருக்கே பெண் வேண்டாம் என்றவர்.

முகூர்த்தத்தைப் புதன்கிழமைக்கு மாற்றச் சொல்லலாமா என்று அண்ணாச்சி யோசித்தார். ஏன் என்று கேட்பார்களே. மாப்பிள்ளையிடம் மட்டும் சொல்லிவைக்கலாமா என்று நான் கேட்டேன். சுபா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தப் பையன் காலையில் என்ன பல்பொடி போட்டான் என்பதைக்கூட அப்பாவிடம் சொல்கிற ரகமாம்.

சுபாவைப் பள்ளிக்கூடப் பையோடு கம்பெனிக்கு வந்த காலத்திலிருந்து எனக்குத் தெரியும். இப்போது டிசைன் பிரிவே அவள் பொறுப்பு. அவளுக்கும் நிறைய வரன்கள் வந்து போயிருந்தன. நிறம் கம்மி என்றார்கள், படிப்பு ஜாஸ்தி என்றார்கள், வாய் அதைவிட ஜாஸ்தி என்றார்கள். அன்று அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, மானிட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, நான் ஏதாச்சும் சொன்னா அவுக சிரிக்காக. இதுவரைக்கும் வந்தவன் ஒருத்தனும் சிரிக்கல. இது முறிஞ்சா இன்னொருத்தன் முன்னாடி காபித் தட்டோட நிக்க என்னால முடியாது."

இத்தனை பேர் வாய்க்குப் பயப்படாத பெண், ஒரு தாளுக்குப் பயந்துபோய் நின்றாள்.

சத்தம் வந்த மதியம்

செட் போட்டது யார் என்று கேட்டாரே அண்ணாச்சி, யார் என்று விசாரிக்கத் தேவையே இல்லாமல் எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. செட் போடும் பெண்களில் மூத்தவர் வேலுத்தாய். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். அது அந்த மதியமாத்தான் இருக்கும் அண்ணாச்சி, என்றார்.

மார்கழியில் ஒரு நாள். ரத்தினசாமி கடை ஆர்டர் மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது. வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு சத்தம். ஜன்னல் தகரம் அதிர்ந்தது.

எங்கள் ஊரில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. தீபாவளிக்கு ஆர்டர் எடுக்க வருகிற வெளியூர்ப் பார்ட்டிகளுக்குச் சாம்பிள் வெடித்துக் காட்டுகிற ஊர். அந்தச் சத்தத்துக்கு யாரும் தலைகூடத் தூக்குவதில்லை. ஆனால் அந்த இன்னொரு சத்தம் வந்தால் கையில் இருப்பது கீழே விழும். அதை வைத்து நாங்கள் விளையாட்டுப் பேச்சுப் பேசுவதில்லை.

பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஷெட். வாயில் அது 'செட்டு' என்றுதான் வரும். சத்தம் கேட்டால் முதல் கேள்வி எந்தக் கம்பெனி. இரண்டாவது கேள்வி எந்தச் செட்டு. அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வருகிறவரைக்கும் நாங்கள் மூச்சை முழுதாக விடுவதில்லை. இந்தச் சொல்லுக்கு எத்தனையோ அர்த்தம் தெரியும் என்று பீற்றிக்கொள்கிறேன். இந்த ஓர் அர்த்தம் மட்டும் தெரியாமலே இருந்திருக்கலாம்.

செட் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் தெருவுக்கு ஓடினார்கள். ஒருத்திக்குப் புருஷன், ஒருத்திக்கு அக்கா, வேலுத்தாய்க்கு மகன். எல்லோர் காதிலும் போன். லைன் கிடைக்கவில்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் வேலுத்தாயின் மகனே கூப்பிட்டான். கழித்துப்போட்ட வெடியை வெட்டவெளியில் கொட்டிக் கொளுத்தினார்களாம், கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டார்களாம். யாருக்கும் ஒன்றுமில்லை.

வேலுத்தாய் போனிலேயே மகனைக் கண்டபடி ஏசினார். அவன் கொளுத்தவில்லை, ஆனாலும் ஏசினார். பிறகு அழுதார், பிறகு சிரித்தார். அண்ணாச்சி எல்லோருக்கும் டீயும் முட்டைக்கோசும் வாங்கிக் கொடுத்தார். முட்டைக்கோஸ் எங்கள் ஊர் டீக்கடையில் ஓர் இனிப்பு, காய் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கப்புறம் மேஜைக்குத் திரும்பி மிச்ச செட்டைப் போட்டார்கள்.

ஓடுகிற அவசரத்தில் யாரோ தன் ஒயர்கூடையை ஓர் அடுக்கின்மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். கூடை சாயங்காலம்வரை அங்கேயே இருந்திருக்கிறது. கூடைக்கு அடியில் ஆவணி மாதத்து வியாழக்கிழமை. சுற்றிச் சுற்றி நடந்தவர்கள் கூடையைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள். வேலை முடிந்தால் ஏதாவது தாள் மிஞ்சுவது வழக்கம்தான், எடைக்குப் போட்டுவிடுவோம். வியாழக்கிழமையையும் போட்டுவிட்டோம்.

அண்ணாச்சிக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. அன்று அவரும்தான் தெருவில் நின்றார். அந்த மதியத்துக்கு முன்பு போட்ட செட்டெல்லாம் சரியாக இருக்கும், பின்பு போட்டதில்தான் ஓட்டை. ரத்தினசாமி வீட்டுச் சுவரில் தொங்குவது முன்னதா பின்னதா? அது தெரிந்தால் போதும் என்றார்.

பார்த்துவர நான் போவதென்று முடிவானது. வம்பு பேசுகிற சாக்கில் சுவரோரம் நிற்க எனக்குத்தான் வருமாம்.

சேலைக்கு அடியில் ஒரு காலண்டர்

கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்த கையோடு, மாப்பிள்ளை வீட்டாருக்கு எடுத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஒரு சாக்கு. அண்ணாச்சியும் அவர் வீட்டம்மாவும் முன்னால் போக, நான் ஜவுளிப் பையோடு பின்னால் போனேன். பைக்குள் மேலே பட்டுச்சேலை, கீழே அதே கடை பெயர் போட்ட இன்னொரு காலண்டர். இதில் வியாழக்கிழமை இருந்தது. கடந்துபோன நாட்களையெல்லாம் நானே உட்கார்ந்து கிழித்து, அன்றைய தேதிக்குக் கொண்டுவந்திருந்தேன். முதல் நாளே இருந்து தொங்கியதுபோல இருக்கட்டும் என்று சுபா அதன் அட்டையில் கொஞ்சம் மஞ்சளும் தடவியிருந்தாள்.

வீட்டில் ரத்தினசாமி அண்ணாச்சியும் அவர் மனைவி பாக்கியம் மதினியும் இருந்தார்கள். ஆண்கள் இருவரும் முன்னறையில் பந்தல்காரரைப் பற்றிப் பேச உட்கார்ந்தார்கள். சுபாவின் அம்மா, மதினியிடம் சேலையைப் பிரித்துக் காட்டினார். நான் தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல உள்ளறைக்குப் போனேன்.

காலண்டர் அடுப்படி வாசலை ஒட்டித் தொங்கியது. புரட்டினேன். ஆவணி. திங்கள், செவ்வாய், புதன். அடுத்த தாள், வியாழன்.

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் தாளை விட விரல் வரவில்லை. இத்தனை வருஷம் தாளோடு கிடந்த விரல், அதற்கு ஏதோ ஒன்று சரியில்லை என்று தெரிந்துவிட்டது. தாள் கொஞ்சம் தடிமன். பக்கத்துத் தாள்களைவிட நூலளவு அகலம். அடியில் ஒரு மெடிக்கல் கடைக்காரரின் விளம்பரம்: சர்க்கரை நோய்க்கு அணுகவும். மேல் ஓரத்தில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது.

"உங்க கம்பெனியில செட் போடும்போது கொஞ்சம் பாத்துப் போடக்கூடாதாம்மா?"

திரும்பினேன். பாக்கியம் மதினி கையில் சேலையோடு எனக்குப் பின்னால் நின்றார். பையில் சேலை எடுத்த இடத்தில் நான் கொண்டுவந்த காலண்டர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். தேதி குறித்த அன்றே, செல்வராஜ் அண்ணாச்சியைப்போலவே, அவரும் ஆசையாகப் புரட்டிப் பார்த்திருக்கிறார். தாளைக் காணோம். எதிர் வீட்டில் மெடிக்கல் கடைக் காலண்டர் தொங்கியது ஞாபகம் வந்து, உறைமோர் வாங்கப் போகிறதுபோலப் போய் அங்கிருந்த வியாழக்கிழமையைக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். அவர்கள் வீட்டில் இப்போது வியாழக்கிழமை கிடையாது. போகட்டும், நம்ம வீட்டு விசேஷத்துக்கு ஒழுங்கா மொய் வைக்காதவுகதானே என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

"எனக்கு இந்தச் சகுனம்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. அவுகளுக்குத்தான். ஏதாச்சும் ஆச்சுன்னா ஒடனே என் மூஞ்சியப் பாப்பாக. அவுக மனசு அறிஞ்சு நானும் வேண்டாம்னு தலையாட்டிருவேன். அப்படியே நல்ல நல்ல பிள்ளைகளையெல்லாம் விட்டுட்டோம். இந்தப் பிள்ளைய விட முடியாது. எம்மவன் ராத்திரி போன்ல சிரிக்கான், கேட்டுக்கிட்டே படுத்திருக்கேன்."

எப்படித் தவறியது என்று கேட்டார். அந்த மதியத்தைச் சொன்னேன். ஒயர்கூடையைச் சொன்னேன். மதினி சேலையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். அவருடைய தம்பிக்கு ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு வேலை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அன்னைக்கு நானும் போனைக் கையில வச்சுக்கிட்டு இதே எடத்துலதான் நின்னேன்" என்றார்.

காலண்டரை மாற்ற வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பால்காரர் வராத நாளையெல்லாம் அதில்தான் குறித்திருக்கிறாராம். வீட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், கடையில் ஒன்று தொங்குகிறது, அதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

எலி

கடைக் காலண்டரைப் பார்க்க மறுவாரம் செல்வராஜ் அண்ணாச்சியே போனார். பை, அதற்குள் காலண்டர், மேலே மறைக்க ஒரு சீப்பு வாழைப்பழம். அங்கே போய்ப் பார்த்தால் கல்லாவுக்கு மேலே காலண்டரே இல்லை. ஆணியில் இருக்கன்குடி மாரியம்மன் படம் தொங்கியது. காலண்டர் எங்கே என்று பட்டும்படாமலும் கேட்டிருக்கிறார். எலி கடித்துவிட்டது என்றாராம் ரத்தினசாமி. எங்கள் அண்ணாச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வத்தல் மண்டியில் இத்தனை காரத்தையும் தாண்டி வந்து காலண்டர் தின்ற எலி நல்லா இருக்கட்டும் என்று வழியெல்லாம் வாழ்த்திக்கொண்டே வந்தார். வாழைப்பழத்தை நாங்கள் தின்றோம்.

ஊருக்குள் மற்ற வீடுகளில் தொங்குவதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் ஒரு தைரியம். தினசரிக் காலண்டரைத் தினசரி கிழிக்கிறவர்கள் எத்தனை பேர்? ஞாயிற்றுக்கிழமை வந்தால் மொத்தமாகக் கிழித்து வடைக்கு எண்ணெய் ஒற்றுகிறவர்கள்தானே நாமெல்லாம்.

கடை லீவு

ஆவணி வியாழக்கிழமை விடிந்தது. காலண்டரில் இல்லை என்பதற்காக விடியாமல் இருக்கவில்லை. மண்டபத்தில் மைக் செட் என் அத்தா காலத்தைவிட பத்து மடங்கு அலறியது. தாலி கட்டி முடிந்தது. மாப்பிள்ளை காதில் சுபா ஏதோ சொல்ல, அவர் ஐயரையும் மறந்து சிரித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

முதல் பந்தி முடிகிற நேரம். திருச்சுழிப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் கை கழுவிக்கொண்டே வந்து, மண்டபம் முழுக்கக் கேட்கிறாப்போலக் கேட்டார்.

"அண்ணாச்சி, உங்க காலண்டர்ல இன்னைக்குத் தேதியே இல்லையே. காலையில பொறப்படறப்பப் பாத்தேன். புதனுக்கு அடுத்து வெள்ளி இருக்கு."

செல்வராஜ் அண்ணாச்சி கையில் இருந்த சாம்பார் வாளி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மணமேடையிலிருந்து சுபா என்னைப் பார்த்தாள். பாக்கியம் மதினி புருஷன் முகத்தைப் பார்த்தார். ரத்தினசாமி பெண்டாட்டி முகத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் என் ஆயுசில் ஒரு வருஷம் போயிருக்கும்.

"இன்னைக்குக் கடை லீவுல்லா" என்றார் ரத்தினசாமி. "அதான் தாள் போடல."

பலசரக்குக் கடைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். மார்கழியில் அடித்த காலண்டருக்கு ஆவணிக் கல்யாணம் எப்படித் தெரியும் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் சிரிக்க, அவரும் சிரித்தார். பிறகு பந்தி முழுக்கச் சிரித்தது. சாம்பார் வாளி நிமிர்ந்தது. மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிப் பந்தியில் ரத்தினசாமி அண்ணாச்சி எனக்கு எதிர் இலையில் வந்து உட்கார்ந்தார். பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் வைத்தார். என்னிடம் ஏதோ விலை பேசப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீங்க செட்டுக்காரர் மகதான? என் கல்யாணத்துக்கு உங்க அத்தாதான் செட்டுப் போட்டாரு. நல்ல மனுசன், கேட்டத வெளிய சொல்ல மாட்டாரு."

ஆமாம் என்றேன்.

"கடைக் காலண்டர எலி கடிக்கலம்மா. தேதி வச்ச மறுநாளே பாத்துட்டேன். நாந்தான் கொண்டுபோயி வெந்நி அடுப்புல வச்சேன். நல்லவேள, வீட்டுக் காலண்டர்ல வியாழன் இருந்துச்சு. பாக்கியத்துக்குத் தெரிஞ்சா கல்யாணமே வேண்டாம்னுருவா. அவளுக்குச் சகுனம்னா உசுரு நடுங்கும். அன்னைக்கு டயர் பஞ்சரானப்ப அவ மூஞ்சியப் பாத்தேன், அப்படியே சுருங்கிப்போச்சு. அவ மனசு நோகக்கூடாதுன்னுதான் நானே வேண்டாம்னேன். எல்லாம் அவளுக்காகத்தான். அவகிட்ட சொல்லிராதீக."

நான் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். இரண்டு பேர், ஒரே வீடு, ஒரே கட்டில். அவளுக்குப் பயம் என்று இவரும், இவருக்குப் பயம் என்று அவரும், வருஷக்கணக்காக ஊரில் உள்ள நல்ல பெண்களையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பந்தியின் மறுகோடியில் மதினி யாருக்கோ அப்பளம் வைத்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய் இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்திச் சொல்லிவிடலாமா என்று வாய் துறுதுறுத்தது. அத்தாவை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

இன்றுவரை இரண்டு பேரிடமும் நான் மூச்சுவிடவில்லை. இந்த அத்தியாயத்தில் பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். மாற்றி என்ன பிரயோசனம்? பல் செட்டைக் கழற்றிவிட்டு விலை பேசுகிற வத்தல் வியாபாரி விருதுநகரில் ஒருத்தர்தான். இந்த இதழ் வெள்ளிக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் விழும். பேப்பர்காரர் வருகிற நேரத்தில் அவர் கொல்லைப்பக்கம் பல் செட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பார், மதினி அடுப்படியில் இருப்பார். முதலில் எடுப்பது யாரோ, எனக்குத் தெரியவில்லை.